தனிநாட்டுக் கோரிக்கையும் வியாபாரியின் கணக்கும்

ஒரு பிரதேசம் தனிநாடாகப் பிரிந்து போக வேண்டும் என்ற குரல் எழும்போது அதன் வரலாறு, மொழி, அந்த மக்கள் பட்ட துன்பம் எல்லாம் பேசப்படுகின்றன. வரி யாருக்குச் செல்லும், எந்தப் பணம் புழங்கும், பழைய கடன் யார் தலையில் விழும், துறைமுகமும் தண்ணீரும் யார் கையில் இருக்கும் என்ற பேச்சு கடைசியில்தான் வரும். சில வேளை வராமலே போய்விடும். எமது வர்த்தகச் சகோதரர்களுக்கோ இவைதான் முதற் கேள்விகள்.

ஸ்கொட்லாந்து, கட்டலோனியா பற்றிய செய்திகளை வாசித்துவிட்டு, "பிரிந்து போனால் பேங்கில் கிடக்கும் காசுக்கு என்ன நடக்கும்?" என்று எமதூர் இளம் வியாபாரி ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இதற்குப் பதில் தேட ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. பொத்துவிலிலிருந்து மருதமுனை வரையுள்ள எமது கரை, ஒரு தனிநாட்டுக் கோரிக்கையின் வரைபடத்துக்குள் முப்பது வருடங்களுக்கு மேல் கிடந்த கரை.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. 1983 ஓகஸ்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் ஆறாவது திருத்தத்தின்படி இலங்கைக்குள் தனிநாடு அமைவதை ஆதரிப்பது குற்றம். குடியியல் உரிமை பறிபோவதோடு, பிழைப்புக்குத் தேவையானது தவிர்ந்த சொத்துக்களும் பறிமுதலாகலாம். வியாபாரியின் கண்ணில் முதலில் படுவது இந்தச் சொத்து என்ற சொல்தான். நான் இங்கே தனிநாட்டுக்கு ஆதரவாகவோ எதிராகவோ வழக்காட வரவில்லை. கணக்கு மட்டுமே பார்க்கிறேன்.

1976 மே 14ஆம் திகதி வட்டுக்கோட்டையில் தமிழர் விடுதலைக் கூட்டணி தனிநாட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அடுத்த வருடப் பொதுத்தேர்தலில் 18 ஆசனங்களை வென்றது. அது கோரிய நிலப்பரப்பு வடக்கையும் கிழக்கையும் சேர்த்தது. கிழக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். அவர்களின் கையில் நெற்காணியும் கடையும் மீன்பிடியும் கைத்தறியும் இருந்தன. அந்த நாட்டின் வரவு செலவில் இவர்களின் பங்கு என்ன, உரிமை என்ன என்று அன்று யாரும் எழுதி வைக்கவில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி மார்க்கம் கட்டளையிட்ட சமூகம் நாம். நாமும் அப்போது எழுத்தில் கேட்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

வரவு மட்டும் தெரிந்த நாடு

விடுதலைப் புலிகள் தமது கட்டுப்பாட்டுப் பகுதியில் பொலிஸ், நீதிமன்றம், வங்கி, வரிப்பகுதி எல்லாம் நடத்தினார்கள். 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டதும் இது வெளியுலகின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஓமந்தையில் இராணுவச் சோதனைச் சாவடி. அதைத் தாண்டினால் புளியங்குளத்தில் புலிகளின் சாவடி. அங்கே பொருட்களைப் பிரித்துப் பார்த்து வரி அறவிடப்பட்டது. கொழும்பில் ஒருமுறை இறக்குமதித் தீர்வையும் பெறுமதி சேர் வரியும் கட்டிய அதே பொருளுக்கு வவுனியாவைத் தாண்டியதும் மீண்டும் ஒரு வரி. யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் அந்த இரண்டாவது வரியையும் விலையில் போட்டுத்தான் விற்றார். கட்டியது கடைசியில் சாமான் வாங்கியவர்.

பொதுவாக ஒரு அரசு வரி எடுத்தால் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்க வேண்டும், வீதி போட வேண்டும். வன்னியில் இவற்றின் பெரும்பகுதியைக் கொழும்பு அரசாங்கமே செய்தது. போர் நடந்த காலத்திலும் அரச அதிபர்கள், ஆசிரியர்கள், வைத்தியர்கள் ஆகியோரின் சம்பளம் திறைசேரியிலிருந்தே போனது. நிவாரண உணவும் அவ்வாறே. ஆகவே கோரப்பட்ட நாட்டின் வரவுப் பக்கம் மட்டுமே வியாபாரிக்குத் தெரிந்தது. செலவுப் பக்கத்தை யாரும் திறந்து காட்டவில்லை. சொந்தக் காலில் நின்றால் எவ்வளவு வரி தேவைப்பட்டிருக்கும் என்பது கடைசி வரை சோதித்துப் பார்க்கப்படாத விடயம். பிரிவினை கோரும் எந்தப் பிரதேசத்தைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: இன்று அங்குள்ள சம்பளப் பட்டியலுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

பணம் விடயத்திலும் இப்படித்தான். 1994இல் தமிழீழ வைப்பகம் ஆரம்பிக்கப்பட்டது. வைப்பு எடுத்தார்கள், கடன் கொடுத்தார்கள், நகை அடகு பிடித்தார்கள். ஆனால் புழங்கியது இலங்கை மத்திய வங்கி அச்சடித்த ரூபாய்தான். தனி நாணயம் வெளியிடவில்லை; அது புத்திசாலித்தனமான முடிவு என்றே நான் நினைக்கிறேன். வைப்பகத்துக்கோ மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் இல்லை. 2009 மேயில் யுத்தம் முடிந்தபோது அங்கே பணம் போட்டவருக்கும் நகை வைத்தவருக்கும் கேட்க ஒரு கதவு இருக்கவில்லை. இராணுவம் மீட்டெடுத்த நகைகளில் ஒரு தொகுதி, உரியவர்களிடம் சேர்ப்பதற்கென்று 2025 மேயில்தான் பொலிஸாரிடம் ஒப்படைக்கப்பட்டது. பதினாறு வருடம்! பற்றுச்சீட்டு இன்னும் கையில் வைத்திருப்பவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

காசோலையில் எழுதிய ரூபாய் எந்த ரூபாய்?

தனி நாணயம் வந்தால் என்ன நடக்கும் என்பதை எமது தொழிலை வைத்தே விளக்கலாம். கல்முனைப் புடவை வியாபாரி கொழும்பு கெய்சர் வீதியில் கடனுக்குச் சரக்கெடுத்து, பின்திகதியிட்ட காசோலை கொடுத்துவிட்டு வருகிறார் என்று வைப்போம். காசோலை மாறும் திகதிக்குள் இரு பக்கமும் இரண்டு பணமாகிவிட்டால்? கடன் பழைய ரூபாயில், விற்று வரும் காசு புதிய பணத்தில். புதிய பணத்தின் பெறுமதி நூற்றுக்கு இருபது வீதம் இறங்கினால் அந்த வியாபாரி ஒரு தவறும் செய்யாமலே நட்டப்படுவார். மருதமுனை நெசவாளிக்கு இது இரட்டை அடி. நூல் வருவதும் சாரன் விற்பதும் வெளியே. தறி மட்டும்தான் ஊரில்.

இது கற்பனையல்ல. செக்கோஸ்லோவாக்கியா 1993 ஜனவரி முதலாந் திகதி சண்டை சச்சரவின்றி இரண்டு நாடுகளாகியது. சில மாதங்களாவது ஒரே நாணயத்தை வைத்துக்கொள்வோம் என்று பேசியிருந்தார்கள். ஸ்லோவாக்கியாவின் பணம் பெறுமதி இறங்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்ததால் மக்கள் தமது வைப்புகளைச் செக் வங்கிகளுக்கு மாற்றத் தொடங்கினார்கள். ஐந்தே வாரத்தில், பெப்ரவரி 8இல், நாணயம் பிரிக்கப்பட்டது. பழைய நோட்டுகளில் முத்திரை ஒட்டி இது உன்னுடையது, அது என்னுடையது என்று பிரித்தார்கள். நல்ல மனதோடு பிரிந்தவர்களுக்கே ஐந்து வாரம்தான்.

எமக்கு நெருக்கமான உதாரணம் பாகிஸ்தான். 1947இல் பிரிவினை நடந்தபோது இரு நாடுகளுக்கும் மத்திய வங்கி இந்திய ரிசர்வ் வங்கி ஒன்றுதான். கையிருப்புப் பணத்தில் பாகிஸ்தானின் பங்கு 75 கோடி ரூபாய் என்று பேசி முடித்து 20 கோடி கொடுக்கப்பட்டது. காஷ்மீர் சண்டை தொடங்கியதும் மீதி 55 கோடியை இந்தியா நிறுத்தி வைத்தது. 1948 ஜனவரியில் காந்தி உண்ணாவிரதம் இருந்த வேளையில்தான் அது விடுவிக்கப்பட்டது. பாகிஸ்தான் அரச வங்கி 1948 ஜூலை முதலாந் திகதி திறக்கப்படும் வரை, இந்திய நோட்டுகளே அங்கு புழங்கின; பிற்பகுதியில் அவற்றில் 'பாகிஸ்தான் அரசாங்கம்' என்று மேலச்சிட்டவையும் இருந்தன. 1949 செப்டெம்பரில் இந்தியா தனது ரூபாயின் பெறுமதியைக் குறைத்தது, பாகிஸ்தான் குறைக்கவில்லை. நேற்று வரை ஒன்றுக்கு ஒன்றாக இருந்த பணத்தில், நூறு பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய் என்ற நிலை. இந்தியா அதை ஏற்க மறுத்ததால் இரு பக்க வியாபாரமும் ஏறக்குறைய நின்று போனது. சணல் விளைந்த வயல்கள் கிழக்கு வங்காளத்தில், அரைக்கும் ஆலைகள் கல்கத்தாவில். நடுவில் எல்லை.

வயலையும் ஆலையையும் பிரித்த அந்தக் கோட்டை வாசிக்கும்போது எனக்கு எமது வட்டைகள்தான் நினைவுக்கு வருகின்றன. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளுக்குப் பாயும் தண்ணீர் இங்கினியாகலவில் சேனாநாயக்க சமுத்திரத்தில் தேங்குகிறது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் குளம் அது. குளமும் மேற்பகுதிக் குடியேற்றங்களும் சிங்களப் பிரதேசத்தில், கடைவாய்க்கால் எமது பக்கம். வரைபடத்தில் எந்த எல்லையைப் போட்டாலும் மதகின் சாவி எந்தப் பக்கம் விழும் என்று பார்க்காமல் போடுவது சிறுபோகத்தைப் பந்தயம் வைப்பதாகும். சூடானிலிருந்து 2011 ஜூலை 9இல் பிரிந்த தென் சூடானுக்கு இதே கதை எண்ணெயில் நடந்தது. கிணறுகளின் பெரும்பகுதி தெற்கில், குழாயும் துறைமுகமும் வடக்கில். குழாய் வாடகைத் தகராறில் 2012 ஜனவரியில் தெற்கு தன் எண்ணெய் உற்பத்தியைத் தானே நிறுத்தியது. அந்த அரசின் வருமானத்தில் ஏறத்தாழ எல்லாமே அந்த எண்ணெயிலிருந்துதான் வந்து கொண்டிருந்தது.

அங்கீகாரம் என்பது அரசியல்வாதிக்கு மரியாதைப் பிரச்சினை, வியாபாரிக்கு அது நாணயக் கடிதப் பிரச்சினை. சோமாலிலாந்து 1991 மேயில் சோமாலியாவிலிருந்து பிரிந்ததாக அறிவித்தது. சொந்தப் பணம், சொந்த அரசு, பேர்பெரா துறைமுகம் எல்லாம் உண்டு. ஆனால் நீண்ட காலம் எந்த நாடும் அங்கீகரிக்காததால் சர்வதேச வங்கிகளோடு நேரடித் தொடர்பு இல்லை. ஹவாலா நிறுவனங்களே பணத்தைக் கொண்டு வந்தன. ஹஜ் காலத்தில் சவூதிக்கு ஆடு ஏற்றுவதே அவர்களின் பெரிய வருமானம். கால்நடை நோயைக் காரணங்காட்டி சவூதி 2000ஆம் ஆண்டு விதித்த தடை 2009 வரை நீடித்தது. அங்கீகாரமுள்ள ஒரு நாட்டின் அரசு தூதரகம் வழியாகப் பேசியிருக்கும். இவர்களுக்கு அந்த வாசலும் இல்லை.

பழைய கடன்

பிரியும் நாடு பழைய கடனில் பங்கு ஏற்க வேண்டுமா? இதற்கென 1983இல் வியன்னாவில் ஒரு சர்வதேச ஒப்பந்தம் எழுதினார்கள்; நியாயமான விகிதத்தில் பிரியட்டும் என்றது. போதிய நாடுகள் சேராததால் அது நடைமுறைக்கே வரவில்லை. எனவே ஒவ்வொரு முறையும் பேரம்தான். ஸ்கொட்லாந்து 2014 செப்டெம்பரில் வாக்கெடுப்புக்குப் போகும் முன், அந்த வருட ஜனவரியிலேயே பிரித்தானியத் திறைசேரி, முடிவு எதுவானாலும் எல்லாக் கடனுக்கும் தானே பொறுப்பு என்று அறிவித்தது. ஸ்கொட்லாந்தின் மீது கொண்ட பாசத்தினால் அல்ல. கடன் கொடுத்தவர் பயந்தால் வட்டி ஏறிவிடும் என்பதால்.

எமது கரையில் இதற்கு ஒலுவில் துறைமுகம் நல்ல பாடம். டென்மார்க்கிலிருந்து பெற்ற கடனில் 2008இல் வேலை தொடங்கி 2013 செப்டெம்பரில் திறந்தார்கள். வாசலை மண் மூடியது. கப்பல் வரவில்லை. ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்றது. கடன் மட்டும் குறையின்றி நின்றது. அந்தத் துறைமுகம் இருக்கும் மண் நாளை வேறொரு ஆட்சிக்குப் போனால் அந்தக் கடனும் கூடவே போகுமா, கொழும்பிலேயே நிற்குமா? 2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை தனது வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்ததன் பின், கடனில் பங்கு என்றால் என்ன என்று எமது எரிவாயு வரிசையில் நின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எங்களைக் கேட்டார்களா?

2003 ஒக்டோபர் 31இல் புலிகள் இடைக்கால தன்னாட்சி அதிகார சபைக்கான யோசனையை முன்வைத்தார்கள். கோரப்படும் ஆட்சியின் பணவிடயம் காகிதத்துக்கு வந்தது அதில்தான். வரி விதிக்கும் அதிகாரம், உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கடன் வாங்கும் அதிகாரம், உதவியை நேரடியாகப் பெறும் அதிகாரம், கடல் வளத்தின் மீதான அதிகாரம், தனி நிதியங்கள், கணக்காய்வாளர் என்று எல்லாம் அதில் இருந்தன. வாசித்துப் பார்த்தால் ஒழுங்கான ஆவணம்தான். ஆனால் சபையில் அறுதிப் பெரும்பான்மை புலிகள் நியமிப்போருக்கு. முஸ்லிம்களுக்கு உறுப்பினர் உண்டு, அவர்களின் பங்கு பற்றிப் பேச உரிமை உண்டு. வரியை மறுக்கும் அதிகாரம் எங்கும் இல்லை.

அதற்கு முந்திய அனுபவம் இல்லாவிட்டால் இதைச் சிறிய விடயம் என்று விட்டிருக்கலாம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். சோனகத் தெருவின் இரும்புக் கடைகளும் நகைக் கடைகளும் லொறிகளும் அப்படியே விடப்பட்டன. கையில் எடுத்துப் போக அனுமதித்தது சிறு தொகை. அடுத்த தலைமுறை புத்தளத்து முகாம்களில் வளர்ந்தது. உறுதி வைத்திருந்தவருக்குக் காணியையாவது பின்னர் அடையாளங்காட்ட முடிந்தது. அடாத்தாகப் பிடித்தவர் பத்து வருட ஆட்சி உரிமை கோருவதைத் தடுக்க 2016இன் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டமும் வந்தது. சரக்கும் கடன் கொப்பியும் போனவருக்கு எந்தச் சட்டமும் இல்லை. 2002 ஏப்ரலில் ரவூப் ஹக்கீமும் பிரபாகரனும் கிளிநொச்சியில் கைச்சாத்திட்டபோது, வடக்கு முஸ்லிம்களின் மீள்திரும்புகையோடு கிழக்கில் கப்பம் வாங்குவதை நிறுத்துவதும், முஸ்லிம்கள் தம் வயல்களுக்குப் போய் வருவதும் பேசப்பட்டதற்குக் காரணம் இதுவே. அரசியல் ஒப்பந்தமாக இருந்தாலும் அதன் சரக்கு வியாபாரமும் விவசாயமும்தான். காகிதத்தில் நல்ல ஒப்பந்தம். அந்த வருட ஜூனிலேயே வாழைச்சேனை எரிந்தது.

சுனாமிக்குப் பின் வந்த பொதுக்கட்டமைப்பையும் சொல்ல வேண்டும். உயிரிழப்பில் நாட்டிலேயே முதலிடம் அம்பாறை மாவட்டத்துக்கு, பத்தாயிரத்துக்கும் மேல். அதில் எமது கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது மக்கள் எத்தனை ஆயிரம்! ஆனால் 2005 ஜூன் 24இல் உதவிப் பணத்தைப் பகிரும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டது அரசாங்கமும் புலிகளும் மட்டுமே. பிராந்தியக் குழுவில் புலிகளுக்கு ஐந்து, முஸ்லிம்களுக்கு மூன்று, அரசுக்கு இரண்டு. ஜூலையில் உயர்நீதிமன்றம் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியதால் அது செயற்படவே இல்லை. மூன்று ஆசனம் போதுமா என்று சிலர் சண்டை பிடித்தார்கள். கையொப்பம் இல்லாத பங்காளிக்கு ஆசனம் எத்தனை என்பது எனக்கு இரண்டாம் கேள்வி. கூட்டு வியாபாரம் செய்தவர் எவருக்கும் இது புரியும்.

இதே அளவுகோலை எமது கோரிக்கைகளின் மீதும் வைக்க வேண்டும். மர்ஹூம் அஷ்ரப் அவர்கள் 1990களில் சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில் தொகுதிகளைச் சேர்த்துத் தென்கிழக்கு அலகு கேட்டார். அது தனிநாடல்ல, நாட்டுக்குள் ஒரு நிர்வாகம். பாதுகாப்புக்கும் காணிக்கும் அதில் நியாயம் இருந்தது. ஆனால் அதன் வருமானம் என்ன என்ற கேள்விக்கு மேடைகளில் நான் பதில் கேட்டதில்லை. மாகாண சபைகளின் கதையைப் பாருங்கள். பதின்மூன்றாவது திருத்தம் மொத்த, சில்லறை விற்பனை மீதான புரள்வு வரியை மாகாணத்துக்குக் கொடுத்தது. 2011இல் அதை நீக்கி, மத்திய அரசு அறவிட்ட தேசக் கட்டுமான வரியில் மூன்றில் ஒரு பங்கு தருவதாக மாற்றினார்கள். 2019 டிசம்பரில் அந்த வரியையும் ஒழித்துவிட்டார்கள். மிஞ்சியவற்றில் குறிப்பிடத்தக்கவை முத்திரைத் தீர்வையும் வாகன அனுமதிக் கட்டணமும். மற்றதெல்லாம் நிதி ஆணைக்குழுவின் சிபாரிசில் கொழும்பிலிருந்து வரும் ஒதுக்கீடு. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. ஆளுநரின் நிர்வாகம் தொடர்கிறது. சபை இல்லாத மாகாணத்திலும் காணி கைமாறும்போது முத்திரைத் தீர்வை அறவிடப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

இன்று எமது நகருக்குள்ளேயே இந்தக் கணக்கு சின்ன அளவில் வந்து நிற்கிறது. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் உண்ணாவிரதம் நடந்தது; மறுபக்கம் எமது மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சாய்ந்தமருது தனக்கொரு நகர சபை வேண்டுமென்று கேட்டு 2018 தேர்தலில் சுயேச்சைக் குழுவையே நிறுத்தியது. 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்தது, சில நாட்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. இருதரப்புத் தமிழ், முஸ்லிம் சகோதரர்களும் எல்லையைப் பற்றியே பேசுகிறார்கள். கல்முனைப் பஸாரின் கடை வரியும் வியாபார அனுமதிக் கட்டணமும் சந்தைக் குத்தகையும் பிரிந்தால், குப்பை அள்ளும் ஊழியரின் சம்பளத்தை எந்தப் பக்கம் கட்டும் என்று இரு தரப்பு வர்த்தக சங்கங்களும் ஒரு மேசையில் இருந்து ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். அதற்கு வர்த்தமானி தேவையில்லை, ஒரு மாலை நேரம் போதும்.